காரைக்குடிக்குப் புதியவரா? ஐப்பசி முதல் மார்கழி வரை வார இறுதிகளைக் கழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடிக்கு மாற்றலாகியோ படிக்கவோ வந்து, வீடு பிடித்து, பால் காய்ச்சி, அலுவலகம் பழகுவதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை எப்படியோ ஓடிவிடும். சனியும் ஞாயிறும் வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்போம்.

பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆண்டுதோறும் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பார்க்க வேண்டிய இடங்களின் பெயர்களை அவர்கள் ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எந்த நேரத்தில் போவது, யாரிடம் கேட்டு நுழைவது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றியது. உங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தையும், ஐந்தாம் பகுதியில் சொல்லியிருக்கும் அனுமதி கேட்கும் முறையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. கிளம்புவதற்கு முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதல் வேலையாக ஒரு தினசரி நாள்காட்டி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். முகூர்த்தம், பௌர்ணமி, சஷ்டி, சதுர்த்தி எல்லாம் அதில் பார்த்தவுடன் தெரியும். சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டியிலும், சஷ்டி, கிருத்திகை நாட்களில் குன்றக்குடியிலும் கூட்டம் நெரியும். முகூர்த்த நாளில், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த, நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் பெரிய வீடுகள் திறந்திருக்கும். ஆனால் அன்று அது கல்யாண வீடு. வேடிக்கை பார்க்க வந்தவரைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நாள் பார்க்காமல் கிளம்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பே போதும். கோயில், வீடு, மண்டபம் என்று ஒரு நாளில் பத்து முறையாவது கழற்ற வேண்டியிருக்கும். நாடா கட்டிய ஷூ மழையில் நனைந்துவிட்டால் அன்றைய பொழுதே போய்விடும்.

காலைத் துடைக்க ஒரு சிறு துண்டு கட்டாயம் வேண்டும். இதைச் சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு யாரும் கொண்டுவருவதில்லை. ஆத்தங்குடியில் செய்யும் பூக்கல் என்ற வண்ணக் கல் பதித்த தரையில் ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும், அடி வைத்த இடமெல்லாம் சேற்றுத் தடம் நிற்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் துணியோடு உங்கள் பின்னாலேயே வரவேண்டியிருக்கும். வாசலில் நின்று காலைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டுகிறவரிடம் அவர் பேசும் விதமே வேறு.

குடை, தொலைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சிறிய டார்ச், பத்து இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் சில்லறை. இவ்வளவுதான். முதல் மூன்று வாரங்களுக்கு டவுன் பஸ்ஸும் கால்களும் போதும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி போகும் வாரத்தில் ஆட்டோவையோ காரையோ அரை நாளுக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். காத்திருப்புக்கும் சேர்த்தே வாடகை பேசுங்கள். ஒரு வீட்டுக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினால் நீங்கள் வாசலோடு திரும்பிவிடுவீர்கள்.

2. மழையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீளும். இந்த மூன்று மாதமும் ஒரே மாதிரி பெய்யாது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணி தாண்டியதும் வானம் கறுத்து இடியோடு கொட்டும். எனவே ஐப்பசி முழுக்க முற்பகல் உங்களுடையது. கோயில்களுக்கு ஏற்ற மாதம். கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு மூன்று நாள் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். அது வீடுகளுக்குள் இருக்க வேண்டிய காலம். மார்கழியில் மழை அடங்கி, பனி இறங்கி, கண்மாய்கள் நிறைந்து கிடக்கும். பாறை ஏறுவதையும் பறவை பார்ப்பதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

ஒரு நாளுக்குள்ளும் இதே கணக்குதான். ஆறரை மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்குள் வெளி வேலையை முடித்துவிடுங்கள். நண்பகலை ஒட்டிக் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். இடைப்பட்ட நேரம் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும். மாலையில் ஊருக்குள்ளேயே இருக்கும் இடம் எதற்காவது போகலாம்.

ஞாயிறு காலை நிதானமாக எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும், திறக்கும்போது மழை பிடித்திருக்கும். முதல் ஆண்டு ஐப்பசியில், ஊரிலிருந்து வந்த என் பெற்றோரை அப்படித்தான் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய், சாத்திய கோபுர வாசலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி. அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கு மேல் நான் கிளம்பியதே இல்லை.

3. முதல் வார இறுதி: ஊருக்குள்ளேயே நடங்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்று அரண்மனைகளைப் பார்த்துவிடத் துடிப்பார்கள். வேண்டாம். வெளியிலிருந்து ஒரு வீட்டைப் படிக்கத் தெரியாமல் உள்ளே போனால், பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

சனிக்கிழமை காலை கொப்புடைய நாயகி அம்மன் கோயிலில் தொடங்குங்கள். ஊரின் நடுவில் இருப்பதால் அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பழைய தெருக்கள் வந்துவிடும். ஒரு பெரிய வீட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்வாசலிலிருந்து சுவரை ஒட்டியே நடந்து பின்வாசலுக்கு வாருங்கள். முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எத்தனை அடி வைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை கட்டுகள் (ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீட்டுப் பகுதிகள்) இருக்கும் என்பது உங்களுக்கே பிடிபடத் தொடங்கும். ஆயிரம் ஜன்னல் வீட்டையும் இப்படி வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பதே நிறைவு.

தெருவின் சரிவையும் ஓர வாய்க்கால்களையும் கவனியுங்கள். வீட்டு முற்றத்தில் விழும் நீர் தெரு வாய்க்காலில் இறங்கி ஊருணிக்குப் போகும்படி இந்த ஊர்களை அமைத்தார்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் ஓர் ஊருணியில் போய் நிற்பீர்கள். இன்று பல இடங்களில் வழி அடைபட்டுவிட்டது என்பது வருத்தமான செய்தி. ஆனாலும் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலை படிக்கட்டில் நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊருணியில் ஒரு படியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமும் அதுவே உங்கள் மழைமானி.

மாலையில் கம்பன் மணிமண்டபத்துக்கும் அதை ஒட்டிய தமிழ்த்தாய் கோயிலுக்கும் போங்கள். காரைக்குடிக் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசனின் முயற்சியில் உருவான இடம். தமிழுக்குக் கோயில் கட்டிய ஊரில் குடியேறியிருக்கிறோம் என்பது அங்கே நிற்கும்போது மனதில் பதியும்.

4. ஐப்பசி வாரங்கள்: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி

மூன்றும் திருப்பத்தூர் போகும் தடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளையார்பட்டி, காரைக்குடியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சனிக்கிழமை ஞாயிறைவிடக் கூட்டம் குறைவு.

குன்றக்குடிதான் முதலில். சண்முகநாதர் மலைமேல் இருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் படி ஏறி இறங்கிவிட வேண்டும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் படிகளில் ஈரம் இருக்கும். கைப்பிடியை விடாமல் ஏறுங்கள். கீழே, மலையைக் குடைந்த பழைய குடைவரைகள் இருக்கின்றன. பெரும்பாலோர் மேலே போய்விட்டு நேரே பஸ்ஸுக்கு ஓடிவிடுவதால் அவை வெறிச்சோடிக் கிடக்கும். பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அடுத்து பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. முதல் முறை வரிசையில் நகர்த்திவிடுவார்கள், ஒன்றும் பதியாது. நேரம் இருந்தால் இரண்டாவது முறையும் போய்வாருங்கள். முதல் சுற்றில் கும்பிட்டாயிற்று, இரண்டாவது சுற்றில் கண்கள் நிதானமாகப் பார்க்கும்.

இன்னும் நேரம் இருக்கிறது என்றால் வைரவன்பட்டி. நகரத்தார் கோயில்கள் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் வேன் பயணங்கள் உண்டு. புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மாலைக்குள் ஒரு கோபுரம் இன்னொன்றோடு குழம்பிவிடும். வைரவன்பட்டியில் மட்டும் ஒரு மணி நேரம் இருங்கள். தூண்களில் இருக்கும் சிற்பங்களை விரல் நகம் வரை பார்க்க அங்கே அமைதி கிடைக்கும். மற்றவை எங்கும் போய்விடாது. நீங்களும் இந்த ஊரில்தானே இருக்கப் போகிறீர்கள்?

5. கார்த்திகை வாரங்கள்: ஒரு வீட்டுக்குள் போகும் முறை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவை யாரோ ஒருவரின் வீடுகள் என்பதும், பெரும்பாலும் ஒரே ஒருவருடையவை அல்ல என்பதும். ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். புள்ளி என்றால் திருமணமான ஒருவரின் குடும்பம். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்துடையது; சாவியும் தனித்தனி. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி என்னும் அறுபதாம் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று விசேஷங்களுக்கு வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவரை நம்பித்தான் அத்தனை பங்காளிகளும் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் உங்களை மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. பணத்தைக் காட்டி வற்புறுத்துவது, அவருடைய வேலைக்கே உலை வைப்பதாக முடியலாம்.

முதல் படி: கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீட்டில் தொடங்குங்கள். கானாடுகாத்தானில் அப்படிச் சில வீடுகள் இருக்கின்றன. ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்றே பெயர்பெற்ற ஒன்று இருக்கிறது. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அதை மட்டும் நம்பிப் போய் ஏமாறாதீர்கள். கட்டண வீட்டில் யாரையும் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் இருக்காது. அமைப்பை நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: சரியான இடத்தில் நின்று பாருங்கள். முன்வாசல் நிலைக்கு நேரே, நடுவில் நில்லுங்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் அப்பால் பின்வாசல் என்று எல்லா நிலைகளும் ஒரே கோட்டில் வரும். கடைசியில் ஒரு சின்னச் சதுரமாகப் பின்தெரு வெளிச்சம் தெரியும். முதல் வாரம் சுவர் ஓரமாக அடி எண்ணி நடந்தீர்களே, அந்த நீளத்தை இப்போது உள்ளிருந்து பார்க்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு கட்டாக உள்ளே போங்கள். தூண்கள் எங்கே கல்லிலிருந்து மரமாகின்றன, தரை எங்கே பளிங்கிலிருந்து பூக்கல்லாகிறது, எங்கே எளிய தளமாகிறது என்று கவனியுங்கள். விருந்தினர் நிற்கும் இடத்தில் பகட்டும், பெண்கள் பாடுபட்ட இடத்தில் காற்றும் வெளிச்சமும் தண்ணீர் வசதியும் இருக்கும்.

மூன்றாம் படி: மற்ற வீடுகளில் கேட்கும் முறை. கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். வாசலில் நின்று குரல் கொடுங்கள். "அண்ணே, வணக்கம். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறோம். முகப்பு வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். வயதான அம்மா இருந்தால் ஆச்சி என்று அழையுங்கள். வீடு முழுவதையும் பார்க்கக் கேட்டால் அவர் பங்காளிகளை நினைத்துத் தயங்குவார். முகப்பு, வந்தவர் உட்காருவதற்கென்றே கட்டிய இடம். அதற்கு மறுப்பு வருவது குறைவு. உட்கார்ந்து, எந்த ஊர், என்ன வேலை என்று பேச்சு ஓடும். அதற்குப் பிறகு அவராகவே "உள்ளே வாருங்கள்" என்று அழைத்தால் மட்டும் அடுத்த நிலையைத் தாண்டுங்கள். அழைக்கவில்லையா, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அடுத்த மாதம் இன்னொரு முறை அந்தத் தெருவில் போகும்போது அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும்.

நான்காம் படி: உள்ளே செய்யக்கூடாதவை. மூடிய அறைக் கதவைத் தொடாதீர்கள். அது வேறொரு புள்ளியின் அறை. நனைந்த சட்டையோடும் எண்ணெய்த் தலையோடும் சுவரில் சாயாதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. கண்ணாடி போல் மின்னும், கறை பட்டால் போகாது. சாமி வீட்டையும் சுவரில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஊஞ்சலில் ஏறி உட்காராதீர்கள். அதன் சங்கிலிக்கு வயது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

இனி, இதை ஏன் கார்த்திகைக்கு வைத்தேன் என்று சொல்கிறேன். வெயில் நாளில் வளவு ஓர் அழகான முற்றம். மழை நாளில்தான் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று புரியும். ஒருமுறை தூறல் வலுத்துவிட்டதால் திரும்ப முடியாமல் ஒரு வீட்டு வளவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்த ஓட்டுக் கூரை. முதலில் ஓட்டில் சடசடவென்ற சத்தம் மட்டும். பிறகு நான்கு விளிம்புகளிலும் சரம் சரமாக நீர் இறங்கியது. மூலையில் இரண்டு சரிவுகள் கூடும் இடத்தில் தகரத் தூம்பு வழியே தனித் தாரையாகக் கொட்டியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முதல் மழையில் ஓடு கழுவப்படும் வரை பொறுத்திருந்து, பிறகு ஓர் அண்டாவை உருட்டிக்கொண்டுவந்து தாரைக்கு அடியில் வைத்தார். முதலில் கணீரென்று மணி அடித்தாற்போல் ஒலித்தது. நீர் ஏற ஏற ஒலி கனத்து, தணிந்து, கடைசியில் நீரில் நீர் விழும் ஓசை மட்டும் நின்றது. "நிரம்பிவிட்டது" என்று பார்க்காமலே சொன்னார். முற்றத்துக் கல்லின் ஓரத் துளை வழியாக மிச்ச நீர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

ஆகவே தூறும் நாளில் வீட்டுக்குப் போகும் திட்டத்தைக் கைவிடாதீர்கள். கோயில் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

6. ஆத்தங்குடிப் பூக்கல்: சனிக்கிழமை முற்பகல்

பட்டறைகளுக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள். ஞாயிறில் வேலை நடக்கும் என்று நம்பிப் போவது வீண். கேட்டுக்கொண்டு, தொழிலாளியின் கைக்கு வெளிச்சம் மறைக்காத பக்கமாக நில்லுங்கள்.

துடைத்த கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாடுள்ள அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் கணத்தைத் தவறவிடாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் விளிம்பில் ஒன்றையொன்று தொடும், கலக்காது. அதன்மேல் உலர்ந்த சிமென்ட்டு மணல் கலவையைத் தூவி, பிறகு காரை போட்டு, மட்டம் தட்டிக் காய வைப்பார்கள். பிறகு சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளையே கிடையாது. கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பு.

மழைக்காலத்தில் காய்வதற்கு அதிக நாள் பிடிக்கும். எனவே வீட்டுக்குக் கல் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போது வடிவம் மட்டும் பாருங்கள், தை மாதம் வாங்கிக்கொள்ளலாம். நினைவுக்கு ஒன்றிரண்டு கல் வாங்குகிறவர்கள் முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பையில் சும்மா போட்டுக்கொண்டு இருசக்கர வாகனத்தில் வந்து, மூலை உடைந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருந்தியவர்கள் பலர்.

7. சாப்பாடும் பலகாரமும்

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் வாய் எரியும் காரம் என்று நினைத்து வருகிறார்கள். மிளகு, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு இவற்றை அளவறிந்து சேர்க்கும் மணம்தான் இதன் உயிர். காரைக்குடியில் இருந்துகொண்டு வாராவாரம் கோழி வறுவல் மட்டும் சாப்பிட்டுக் காலம் கழிப்பது பெரிய இழப்பு. அரிசி களைந்த நீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி, இடியாப்பத்துக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி, காரச் சட்னியோடு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. இவற்றைத் தேடிச் சாப்பிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் நல்ல காய்கள் தீர்ந்திருக்கும். வெள்ளைப் பணியாரம் மாலைப் பலகாரம். மழை பிடித்த மாலையில், எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கும் கடையில் நின்று சூடாகச் சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனால் துவண்டுவிடும்.

தேன்குழல், மணகோலம், மகிழம்பூ முறுக்கு, சீப்புச் சீடை ஆகியவற்றை வீடுகளில் செய்து தருகிறவர்களிடம் சொல்லிவைத்து வாங்குவது நல்லது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களுக்குக் கை ஒழியாது. ஈரக் காற்றில் சீக்கிரம் நமுத்துப்போகும் என்பதால் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கி இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

மதியமே மழை பிடித்துக்கொண்டால் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். எனாமல் பாத்திரங்கள், அடுக்குத் தூக்குகள், பழைய கண்ணாடிப் படங்கள், மரச் செதுக்கல்கள் என்று நேரம் போவது தெரியாது. முதல் முறை எதையும் வாங்காதீர்கள். நான்கு கடை ஏறி இறங்கி விலை பழகிய பிறகு வாங்குங்கள்.

8. மழை அடங்கிய பின்: வேட்டங்குடியும் திருமயமும்

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கிறது, 1977-இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் வரும் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் நீர் நின்ற பிறகுதான் பறவைகள் நிலைகொள்ளும். ஐப்பசியிலேயே போய்விட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புவது வழக்கமான தவறு. மார்கழியில் விடியற்காலை போனால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா என்று கருவேல மரங்கள் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். மங்கிய நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்க் கரையை விட்டு இறங்காதீர்கள். பாட்டுப் போடாதீர்கள். பறவைகள் வெருண்டு போகக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. தங்கள் பிள்ளைகளுக்கே மத்தாப்பைத் தாண்டி எதையும் தராமல் காத்த அமைதியை நாம் போய்க் கெடுப்பது தகாது.

திருமயம் காரைக்குடியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு மட்டும் போங்கள். பாறையில் பாசி காய வேண்டும். அடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்களை முதலில் பாருங்கள், அவை நண்பகலில் சாத்திவிடும். பிறகு கோட்டைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். 1687-இல் இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி எழுப்பிய கோட்டை. உச்சியில் பீரங்கியும், ஏறும் வழியில் பாறையைக் குடைந்த சிறு சிவன் சந்நிதியும் உண்டு. தொலைவில் இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான வெட்டவெளி அதுதான்.

9. பிள்ளையார் நோன்புக்கு அழைத்தால்

திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும்போது நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும். கார்த்திகைத் தீபத்தன்றே நாள்காட்டியில் எண்ணிக் குறித்துவையுங்கள். இந்த மூன்று மாதத்தில் ஒரு குடும்பத்தோடு பழக்கமாகியிருந்தால் அழைப்பு வரலாம். நீங்களாகக் கேட்காதீர்கள், வந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

பழமும் பூவும் வாங்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே போய்விடுங்கள். பெண்கள் முன்பே குளித்து, அரிசி மாவு பிசைந்து தயாராக இருப்பார்கள். 21 நூலிழைகளைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துத் தருவார். இதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். சுடரோடு வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி முதல் முறை பயந்து ஊதி அணைக்கப் போனாள். பக்கத்திலிருந்த ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊதக்கூடாதும்மா. வாயை மூடு, தானாக அணைந்துவிடும்" என்றார். அவள் மூடினாள். கண் கலங்கியிருந்தது. ஆச்சி அடுத்த இழையை எடுத்துத் தன் பேரனுக்குக் கொடுக்கப் போய்விட்டார்.